‘பிடிக்கலைன்னா கூப்பிடு, வந்துடறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. வரும் கோடை விடுமுறையில் ஒரு வாரம் தங்கும் முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். தோழி போகிறாள் என்று அவளேதான் கேட்டாள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இதுவரை எங்களைப் பிரிந்து ஒரே ஓர் இரவுதான் தங்கியிருக்கிறாள், அவள் சித்தி வீட்டில். அன்றும் ராத்திரி பதினோரு மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் அப்பா போய் அழைத்து வந்தார். இப்போது ஒரு நாள் ‘போகிறேன்’ என்கிறாள், மறுநாள் ‘மாட்டேன்’ என்கிறாள். முகாமில் பிள்ளைகளிடம் போன் இருக்கக்கூடாதாம். தெரியாமல் ஒரு சின்ன போனைப் பையில் வைத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றுகிறது. எப்போதாவது படுக்கையில் சிறுநீர் போய்விடுகிறாள். அதை முகாமில் சொல்வதா வேண்டாமா? மாமியார் ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்கிறார். கணவர் ‘போனால்தான் தைரியம் வரும்’ என்கிறார். ‘பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டி வந்துவிடுகிறேன்’ என்று சொல்லித்தான் இதுவரை அவளைச் சமாளித்து வருகிறேன். நான் செய்வது சரியா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வாக்குறுதியை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் பெற்றோர் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அவள் காதில் அது வேறு மாதிரி விழும். ‘என்னால் முடியும் என்று அம்மாவுக்கே நம்பிக்கை இல்லை’ என்று ஒன்று. ‘கஷ்டமாக இருந்தால் அதற்கு ஒரே மருந்து வீட்டுக்குப் போவதுதான்’ என்று இன்னொன்று. முதல் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, பக்கத்துப் படுக்கையில் இருப்பவளோடு இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாமா, பொறுப்பாளர் அக்காவிடம் போய்ச் சொல்லலாமா என்றெல்லாம் அவளுக்கு யோசனை ஓடாது. அம்மாவை எப்படி வரவழைப்பது என்ற ஒரே யோசனைதான் ஓடும். நீங்கள் போகாவிட்டால் அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று ஆகிவிடும். போய் அழைத்து வந்தாலோ, ‘என்னால் முடியவில்லை’ என்ற நினைப்பு அடுத்த ஆண்டு வரைக்கும் அவளோடு இருக்கும். சித்தி வீட்டு இரவு ஏற்கெனவே அப்படி ஒரு நினைப்பை விட்டுச் சென்றிருக்கலாம்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007இல் வீட்டு ஏக்கத்தைத் தடுப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கோடை முகாம் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர் அதை எழுதியவர்களில் ஒருவர். ‘வந்து கூட்டிப் போகிறேன்’ என்று முன்கூட்டியே பேரம் பேசி வைக்க வேண்டாம் என்று அதில் தனியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, சொன்னது சொன்னதுதான். அதை எப்படித் திரும்ப வாங்குவது? நேராகவே சொல்லிவிடலாம். ‘பிடிக்கலைன்னா வந்துடறேன்னு அம்மா சொன்னேன் இல்லையா, அதை யோசிச்சுப் பார்த்தேன். அது சரியில்லை. வீட்டு ஞாபகம் கண்டிப்பா வரும். வந்தா என்ன செய்யணும்னு நாம ரெண்டு பேரும் இப்பவே பேசி வெச்சுக்கலாம்.’ ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

இந்தப் பேச்சில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘கண்டிப்பா வரும்’ என்ற சொல். ‘ஜாலியா இருக்கும், எங்க ஞாபகமே வராது பாரு’ என்று சொல்லி அனுப்பினால், ஞாபகம் வந்ததும் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். முகாமுக்குப் போகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது கொஞ்சம் ஏக்கம் வரத்தான் செய்கிறது. பெரியவர்களே தப்பியதில்லை. 1688இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், ஊரை விட்டுத் தூர தேசங்களில் கிடந்தவர்கள் வீட்டை நினைத்து நினைத்தே நோயில் விழுவதைப் பார்த்து, அதற்கென்றே ‘நாஸ்டால்ஜியா’ என்று ஒரு பெயர் உண்டாக்கினார். இன்று பழைய பாட்டைக் கேட்டால் வரும் இனிய சோகத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். அது பிறந்தது நோயின் பெயராகத்தான். அயல்நாட்டுப் படைகளில் சேர்ந்த முரட்டுச் சிப்பாய்களையே வாட்டிய விஷயம், உங்கள் மகளுக்கு வந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இந்த ஏக்கம் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. ஓடி விளையாடும்போதும் நீந்தும்போதும் எட்டிப் பார்க்காது. சாப்பாட்டு வேளையில், மதிய ஓய்வு நேரத்தில், முக்கியமாகத் தூங்கப் போகும்போது அலை மாதிரி வரும், பிறகு தணியும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம். இதை அவளுக்குச் சொல்லி வையுங்கள். ‘ராத்திரி வரும், காலையில் குறைந்துவிடும்’ என்று தெரிந்திருந்தாலே பாதி பயம் போய்விடும்.

அடுத்து, வந்தால் என்ன செய்வது என்பதை அவளையே யோசிக்க விடுங்கள். நீங்கள் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு சிறுமி, தலையணைக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் எழுதப் போவதாகச் சொன்னாள். இன்னொரு பையன், எங்கள் வீட்டு நாய் இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று கற்பனை செய்வேன் என்றான். நமக்குச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அது அவர்களே கண்டுபிடித்தது, அதனால் அந்த நேரத்துக்கு நினைவுக்கு வரும். பொறுப்பாளரிடம் போய்ச் சொல்வது என்பது மட்டும் அந்தத் திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்பதையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எனக்கு வீட்டு ஞாபகமா இருக்கு, கொஞ்ச நேரம் உங்க கூட உக்காந்துக்கட்டுமா?’ இந்த ஒரு வாக்கியம் வாயில் வராமல், போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழும் பிள்ளைகள்தான் அதிகம்.

ஒரு காலண்டரை எடுத்து வைத்து அவளோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். ஏழு நாள் முகாம் என்றால் ஆறு இரவுதான். பிள்ளைகளுக்குப் பகல் ஒரு பொருட்டே இல்லை, இரவைத்தான் எண்ணுகிறார்கள்.

இனி ஒத்திகை. ஐந்து வாரம் தாராளம். சித்தி வீட்டுக்கே மறுபடியும் அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால், அன்றைக்குப் பதினோரு மணிக்கு என்ன நடந்தது என்று சாவகாசமாகக் கேளுங்கள். ‘ஏன் அழுதே’ என்று கேட்டால் பதில் வராது. ‘முழிச்சப்போ என்ன பார்த்தே, என்ன சத்தம் கேட்டுச்சு’ என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் அழைத்து வந்த ஒரு பையன், மூன்று முறை உறவினர் வீடுகளிலிருந்து நள்ளிரவில் திரும்பியவன். பிரிவுப் பதற்றம், அது இது என்று பெற்றோர் பயந்து போயிருந்தார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது: இருட்டில் பாத்ரூம் விளக்கின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, கேட்கக் கூச்சம். மனநல ஆலோசனையில் பாதி, டார்ச் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்வதுதான்.

முதல் ஒத்திகை ஓர் இரவு போதும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு இரவு. போன் பேசுவது கிடையாது என்று மூவரும் முன்னதாகவே ஒப்புக்கொள்ளுங்கள். காய்ச்சல், அடிபட்டது என்றால் மட்டும் சித்தி கூப்பிடட்டும். இரவில் அழுதால் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கட்டும், ‘அம்மாவைக் கூப்பிடட்டுமா’ என்று மட்டும் கேட்க வேண்டாம். இதில் சித்திக்குத்தான் பரீட்சை. திரும்பி வந்ததும் ‘எப்போ கஷ்டமா இருந்துச்சு, அப்போ என்ன செஞ்சே’ என்று கேளுங்கள். அவள் செய்து பார்த்து எது பலித்ததோ அதுதான் முகாமுக்கும்.

ஒரு நாள் போகிறேன், ஒரு நாள் மாட்டேன் என்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆசையும் பயமும் சேர்ந்திருக்கும்போது எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். ‘மாட்டேன்’ என்று சொல்லும் நாளில் சமாதானம் செய்ய ஆரம்பிக்காமல், எதை நினைத்தால் அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். குளிக்கும் இடமாக இருக்கலாம், நீச்சலாக இருக்கலாம், நனைந்த படுக்கையாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்: தோழியும் அவளும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பது உறுதியில்லை. இருந்தாலும், மூன்றாம் நாள் தோழி வேறு யாருடனாவது சுற்றப் போய்விடலாம். தோழியை நம்பியே போகும் பிள்ளைக்கு அந்த நாள்தான் மிகக் கஷ்டமான நாள்.

படுக்கை நனைவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாகச் சொல்லுங்கள், பொறுப்பாளர் ஒருவரிடமும் மருத்துவ அறையில் இருப்பவரிடமும் மட்டும். ‘யாரிடம் சொல்லலாம்’ என்று முதலில் மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் சொல்லி, அங்கே யாராவது அவளிடம் அதைப் பற்றிப் பேசினால் கூசிப் போவாள். ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது. ஆண்டுதோறும் அவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. பெற்றோரில் யாருக்காவது சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ இருந்திருந்தால் அதை அவளிடம் சொல்லுங்கள். ‘அப்பாவுக்குமா?’ என்று முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போதே உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் படுக்கை நனையும், அதைச் சரிசெய்தாலே குறைந்துவிடும். முகாம் போன்ற நாட்களுக்கு மட்டும், இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் என்ற மருந்தைச் சில மருத்துவர்கள் தருவார்கள். தந்தால், சில வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பார்த்து, கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மருந்து எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, எடுத்த பின் எட்டு மணி நேரம் வரை தண்ணீரை மிகவும் குறைத்துக்கொள்ள வேண்டும். மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் அளவு ஆபத்தாக இறங்கிவிடக்கூடும். கோடை வெயிலில் ஆடிவிட்டு வந்து மடமடவென்று தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை. முகாமில் மருந்து கொடுப்பவருக்கு இந்த விவரம் எழுத்திலேயே போக வேண்டும்.

மருந்து இல்லாமலும் சமாளிக்கலாம். உறிஞ்சும் உள்ளாடையைத் தூக்கப் பைக்குள் முன்பே செருகி வைத்துவிட்டு, விளக்கணைத்ததும் உள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். காலையில் அதைச் சுருட்டிப் போட நிறம் தெரியாத ஒரு பை. இதை வீட்டில் இருட்டில் இரண்டு மூன்று முறை செய்து பழகட்டும், விளையாட்டாகவே இருக்கும். பொறுப்பாளர் தூங்கப் போகும்முன் அவளைச் சத்தமில்லாமல் எழுப்பி ஒருமுறை பாத்ரூமுக்கு அனுப்பலாம். கதவுக்குப் பக்கத்தில், கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

பையை அவளே அடுக்கட்டும். நீங்கள் கச்சிதமாக மடித்து அடுக்கிக் கொடுத்தால், சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று மூன்றாம் நாள் அவளுக்குத் தெரியாது. மொத்தத்தையும் வெளியே கொட்டுவாள். அதைத் திரும்ப உள்ளே அமுக்கி ஜிப்பை இழுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். எனவே வீட்டிலேயே அவளை ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ஈரத் துண்டை உலர்ந்த துணியோடு சேர்த்துத் திணிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். நீளமான தலைமுடியா? தானே சீவிக் கட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போகும்முன் கொஞ்சம் வெட்டிவிடுவதும் ஒரு வழி. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், பாதி தொலையும் என்பதற்கும் தயாராக இருங்கள். வீட்டு வாசம் உள்ள ஒன்றை, துவைக்காத தலையணை உறை மாதிரி, எடுத்துப் போகட்டும். தொலைந்தால் அவள் உடைந்து போகக்கூடிய பொம்மை வேண்டாம்.

போனை ஒளித்து வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முகாமின் விதியை அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து ஏமாற்றுகிறோம் என்று தெரிந்த பிள்ளை, அங்குள்ள பெரியவர்களை எப்படி நம்பும்? ஏக்கம் வரும்போது அந்தப் பெரியவர்கள்தானே அவளுக்குத் துணை. அதோடு, உங்கள் குரலைக் கேட்டதும் அடங்கிய அழுகையும் பொத்துக்கொண்டு வரும்.

முகாம் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பணியாளர்களின் பின்னணியை விசாரித்துத்தான் எடுக்கிறார்களா? இரவில் பிள்ளைகள் அறையில் அல்லது பக்கத்தில் யார் தூங்குகிறார்கள்? ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்க நேராதபடி விதி உண்டா? எத்தனை பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர்? அமெரிக்க முகாம் சங்கம் தங்கும் முகாம்களுக்கு, 9 முதல் 14 வயது வரை 8 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று அளவு வைத்திருக்கிறது, அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நீச்சல் தெரியாவிட்டால் தெரியாது என்றே படிவத்தில் எழுதுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் மருந்தைப் பையில் போடாமல் கையோடு ஒப்படையுங்கள்.

‘வந்து கூட்டி வந்துவிடுகிறேன்’ என்ற வாக்குறுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது இன்னொரு கதவையும் சேர்த்து அடைத்துவிடக்கூடாது. ஏக்கம் வேறு, ஆபத்து வேறு. யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், பயமுறுத்தினால், ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று எதையாவது சொன்னால், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் நம்பிக்கையான பெரியவரிடம் சொல்ல வேண்டும், ‘எங்க வீட்டுக்குப் போன் போடுங்க’ என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம். அதற்கு நாங்கள் எந்த நேரத்திலும் வருவோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதைக் கிளம்பும் அன்று வாசலில் நின்று சொல்லாமல், ஒரு வாரம் முன்பே சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் எழுதலாம் என்றால் எழுதுங்கள். நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். என் மகன் முதல்முறை போனபோது, ‘நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது, உன் தட்டைப் பார்த்தாலே அழுகை வருகிறது’ என்று உருகி எழுதி அனுப்பினேன். தொழில் குழந்தைகள் மனநலம்! அதைப் படித்துவிட்டு அவன், தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று அன்று மாலை முழுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் நடந்த சின்னச் சின்ன சங்கதிகளை எழுதுங்கள். அவள் இல்லாதபோது கொண்டாட்டம் நடந்ததாகவும் எழுத வேண்டாம். முகவரி எழுதிய உறைகள் நாலைந்து அவள் பையில் இருக்கட்டும். ‘என்னைக் கூட்டிட்டுப் போங்க’ என்று ஒரு கடிதம் வரலாம். எழுதிய தேதியைப் பாருங்கள். முதல் ராத்திரி எழுதியது உங்கள் கைக்கு வரும்போது அவள் மரத்தில் ஏறிக்கொண்டிருப்பாள். சந்தேகமாக இருந்தால் முகாமுக்குப் போன் போட்டு விசாரியுங்கள். சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, விளையாட்டிலும் சேராமல் இரண்டு மூன்று நாளாக அப்படியே இருக்கிறாள் என்று அவர்கள் சொன்னால் பேசி முடிவெடுத்து அழைத்து வாருங்கள். அது தோல்வியில்லை. ‘நாலு ராத்திரி இருந்துட்டே’ என்றுதான் அவளிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்பது வயது முகாமுக்கு ஏற்ற வயதுதான். அவளே கேட்டிருக்கிறாள் என்பது பெரிய பலம். ஆனால் இந்த வாக்குவாதம் அவள் காதுபட நடக்க வேண்டாம். ‘போனால்தான் தைரியம் வரும்’ என்பதும் அவளுக்கு ஒரு மிரட்டல் மாதிரித்தான் கேட்கும். ஒத்திகைகளுக்குப் பிறகும், நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெட்டு, தினமும் வயிற்றுவலி என்று சுருண்டால், இந்த ஆண்டு ஒத்திப்போடுங்கள். வீட்டில் அண்மையில் ஏதாவது துக்கமோ பெரிய மாற்றமோ நடந்திருந்தாலும் அப்படியே.

கொண்டுபோய் விடும் அன்று சீக்கிரம் கிளம்பி வந்துவிடுங்கள். படுக்கையை விரித்துக் கொடுங்கள், பொறுப்பாளரிடம் அறிமுகப்படுத்துங்கள், ஒருமுறை கட்டிக்கொள்ளுங்கள், ‘சனிக்கிழமை பார்க்கலாம்’ என்று எந்த நாள் வருவீர்களோ அந்த நாளைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடங்கள். அழுகை வந்தால் வண்டியில் உட்கார்ந்து அழலாம். அன்று இரவு நீங்களும் கணவரும் எங்காவது வெளியே போய்விட்டு வாருங்கள். வீட்டில் இருந்தால் அவள் அறைக்கு நாலு தடவை போய் நிற்பீர்கள்.

திரும்பி வந்ததும் அவள் நிறையப் பேசுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பிள்ளைகள் முதல் நாள் சிடுசிடுவென்று இருப்பார்கள், பத்து மணி நேரம் தூங்குவார்கள். கதை மூன்றாம் நாள் தலை சீவும்போது தானாக வரும்.

இப்போதைக்குச் சித்திக்கு ஒரு போன் போட்டு, இந்த வாரக் கடைசி தோதுப்படுமா என்று கேளுங்கள். பாத்ரூம் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.